அஞ்சம்மாளின் வடக்குச் சுவர்

அஞ்சம்மாள் வீட்டின் வடக்கு அறை பதினோரு அடி அகலம் இருக்க வேண்டும் என்று சொன்னது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வந்த தகராறில் பாதி அந்தப் பதினோரு அடியால் வந்தது.

நான் நர்ஸ் இல்லை. விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையில் இருபத்தாறு வருடம் ஆயாவாக வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகு, படுக்கையில் கிடப்பவர்களை வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கான ஆறு மாதப் பயிற்சியை முடித்தேன். புரட்டிப் படுக்க வைப்பது, உடம்பு துடைத்துவிடுவது, புண்ணுக்கு மருந்து கட்டுவது, கை கால்களை மடக்கி நீட்டுவது இவைதான் என் வேலை. ஆனாலும் எல்லோரும் 'நர்சம்மா' என்றே கூப்பிடுகிறார்கள். நாலைந்து முறை திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

வாரத்தில் மூன்று நாள் காலை ரயிலில் திண்டிவனம் போவேன். அங்கே எனக்கு நான்கு வீடுகள். அதில் ஒன்று, ஒரு மாடியில் இருந்த ஒற்றை அறை. செங்குத்தான பதினாறு படிகள். அங்கே கட்டிலில் கிடந்தவர் பச்சமுத்து. மரக்காணத்துக்கு வடக்கே ஒரு குப்பத்துக்காரர், முப்பது வருடம் கடலுக்குப் போனவர். ஒரு நாள் கரையில் வலையை மடித்துக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப்போனது. அஞ்சம்மாள் அவர் மனைவி. கூடையில் மீன் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் திண்டிவனம் வந்து விற்றுக்கொண்டிருந்தவள், மருத்துவமனை பக்கத்தில் இருக்கட்டும் என்று அவரையும் திண்டிவனத்துக்கே கொண்டுவந்துவிட்டாள்.

கொண்டுவந்த அன்று மாடியேறியவர், பதினான்கு மாதம் கீழே இறங்கவில்லை. இறக்க நாலு ஆள் வேண்டும். நாலு ஆளைத் தினமும் எங்கே தேடுவது? அதனால்தான் அஞ்சம்மாள் தரையோடு தரையாக ஒரு வீடு கட்ட வேண்டும் என்று முடிவு செய்தாள். மரக்காணம் ரோட்டில், ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில், இருபதடி அகல மனை ஒன்றை வாங்கினாள். சென்னையில் ஏசி மெக்கானிக்காக இருக்கிற மகன் சுதாகர், "எதுக்கும்மா பேஜாரு, அப்பாவ இங்க கூட்டிக்கினு வந்துடு" என்று போனில் சொன்னான். "உன் வூடு எத்தினாவது மாடி?" என்று கேட்டாள். மூன்றாவது மாடி. பேச்சு அத்தோடு முடிந்தது.

அஞ்சம்மாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஐந்தடிக்கும் குறைவான உயரம். வேகமான நடை. பேரத்தில் யாருக்கும் அடங்காத வாய். ஆனால் தனக்காக ஒன்று கேட்க வேண்டும் என்றால் அந்த வாய் திறக்காது. வேறு யாரையாவது அனுப்புவாள். இந்தக் குணம் அவளுக்கு எவ்வளவு தொல்லை கொடுத்தது என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

மேஸ்திரி தேவசகாயம் மனையில் கயிறு பிடித்த அன்று நானும் போயிருந்தேன். அறை எவ்வளவு அகலம் என்று அவர் கேட்டதற்கு, அஞ்சம்மாள் இரண்டு கையையும் விரித்து, "இந்த மாதிரி ரெண்டு பாகம்" என்றாள்.

"அது கடல்ல ஆழம் பாக்கற அளவும்மா. உன் கைக்கு ரெண்டு பாகம் போட்டா ஒம்போதடிதான் வரும். ஒம்போது போதும். பக்கத்து மனைப் பக்கம் ரெண்டடி வுட்டுடலாம்."

"ஒன்பது பத்தாது" என்றேன் நான். "கட்டில் மூணடி. ஒரு பக்கம் ஆளு நிக்க மூணடி. இன்னொரு பக்கம் சக்கர நாற்காலி திரும்ப அஞ்சடி. பதினொண்ணு."

"நர்சம்மா, இது இன்னா வூடா ஆஸ்பத்திரியா?"

"ஆஸ்பத்திரி ஆயிடக்கூடாதுன்னுதான் சொல்றேன். ஒரே பக்கம் நின்னு புரட்டினா இவ இடுப்பு போயிடும். அப்புறம் கட்டில்ல ரெண்டு பேரு படுத்திருப்பாங்க."

தெற்கே குளியலறைக்கும் நடைபாதைக்கும் இடம் விட்டாக வேண்டும். அந்த இரண்டடியை வடக்கிலிருந்துதான் எடுக்க முடியும். மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "செவுரு எல்லைக்கல்லு மேலயே போவும். உள்ளப் பூசிடலாம். வெளிப்பூச்சுக்கு அந்தாண்ட மனையில சாரம் கட்டணும். அந்த மனைக்காரரு வுடுவாரா?"

"கேட்டா விடுவாரு" என்றேன். சட்டப்படி இடம் விட்டுத்தான் கட்ட வேண்டும். அந்தத் தெருவில் விட்டவர் யாரும் இல்லை. எல்லோரும் செய்கிறார்கள் என்பதற்காக நானும் அதைச் சொன்னேன். அது சரியல்ல.

வடக்கு மனைக்காரர் கண்ணையன். அறுபத்தைந்து வயது இருக்கும். வீட்டுக்குப் பின்னால் இரண்டு ஏக்கர் வைத்து மல்லாட்டை (எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்கு அதுதான் பேர்) போடுகிறவர். அஞ்சம்மாளின் மனையை ஒட்டி இருந்தது அவருடைய களம். சாணி மெழுகிச் சுத்தமாக வைத்திருப்பார். பிடுங்கிய மல்லாட்டையை ஆய்ந்து அங்கேதான் காயப்போடுவார்கள். அவர் மனைவி கெங்கம்மாள் வாரத்துக்கு இரண்டு முறை அஞ்சம்மாளிடம் மீன் வாங்குகிறவள். ஆகவே தொடக்கத்தில் பகை ஒன்றும் இல்லை.

பகை பங்குனியில் வந்தது.

கடைக்கால் எழும்பியதும் அஞ்சம்மாள் மனையின் வடக்கு மூலையில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டினாள். உடைந்த செங்கலைக் கொட்டினாள். மீன் கூடை அலசுகிற தண்ணீர், வேலையாட்கள் கை கழுவுகிற தண்ணீர், சுவருக்கு அடித்து வழிகிற தண்ணீர் எல்லாம் அதில் போயிற்று. அவள் பிறந்த ஊரில் எல்லா வீட்டிலும் இப்படி ஒரு குழி உண்டு. அங்கே மணல். எத்தனை குடம் ஊற்றினாலும் நின்ற இடத்திலேயே இறங்கிவிடும். இங்கே களிமண். ஊற்றிய தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் பக்கவாட்டில் நகர்ந்தது. நாலாம் நாள் காலையில் கண்ணையன் களத்தில் ஓரம் முழுக்க ஈரம். அங்கே குவித்திருந்த மல்லாட்டையில் இரண்டு மூட்டை அளவு அடியில் ஊறி, முளை விட்டிருந்தது. மீன் கவிச்சி வேறு அடித்தது.

கண்ணையன் வேலி ஓரம் வந்து நின்று தெருவே கேட்கும்படி கத்தினார். "மீன்காரம்மா! ஒன் சமுத்திரத்த ஒன் வூட்டோட வச்சிக்க! என் களத்துக்குள்ள ஏன் உடற?"

அஞ்சம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு வியாபாரத்துக்குப் போய்விட்டாள். தப்பு தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும். வைகாசியில், கண்ணையனும் கெங்கம்மாளும் ஒரு கல்யாணத்துக்கு வந்தவாசி போயிருந்தபோது, குழியை மண் போட்டு மூடி, தண்ணீரைக் குழாய் வழியாகத் தெரு வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டாள். மூடியதை அவர்களிடம் சொல்லவில்லை. மூடிய இடத்தின் மேல் செங்கல் அடுக்கிவைத்தாள்.

ஆனியில் கூரைக்கு கான்கிரீட் போட்டார்கள். மாடிப்படி பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று மூங்கில் ஏணி ஒன்றைச் சாத்தினார்கள். புத்தம் புதிய மொட்டை மாடி, வெயில் தங்குதடையில்லாமல் விழுகிறது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க ஒரு மீன்காரியால் முடியுமா? அடுத்த வாரமே கருவாடு காயப்போட்டுவிட்டாள். காக்கை கூட்டம் வந்தது. தூக்கிப்போன கருவாட்டில் பாதியைக் கண்ணையன் முற்றத்தில்தான் போட்டன. அவர் அதற்கும் கத்தினார்.

ஆவணியில் ஒரு நாள் காற்றோடு மழை அடித்தது. மறுநாள் நான் போனபோது வடக்கு அறையைத் திறந்து பார்த்தேன். உட்பூச்சு முடிந்து சுண்ணாம்பும் அடித்திருந்தார்கள். சுவரில் இடுப்பு உயரம் வரை கருப்பு கருப்பாகத் திட்டுகள். கை வைத்தேன். ஈரம். வெளியே பூசாத செங்கல் மழையைக் குடித்து உள்ளே விட்டிருந்தது. அரைமணி நேர மழைக்கே இப்படி. ஐப்பசி அடைமழை வடகிழக்கிலிருந்து நேராக இந்தச் சுவரில்தான் மோதும்.

"வெளியே பூசாம அவர இங்க கொண்டாராதே" என்றேன் அஞ்சம்மாளிடம். "ஈரச் செவுத்தோரம் படுத்தா முதுகு புண்ணாவும். நெஞ்சுல சளி கட்டும். ரெண்டாவதுதான் ஆளக் கொல்லும்."

மாடி அறையின் சொந்தக்காரர் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். ஐப்பசி பத்துக்குள் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார். இதற்கு மேல் நாள் தள்ள இடமில்லை.

புரட்டாசி பாதியில் மேஸ்திரியைத் தூது அனுப்பினாள். அவர் போன வேகத்தில் திரும்பி வந்தார். பிறகு என்னை அனுப்பினாள். கெங்கம்மாள் மோர் கொடுத்தாள். கண்ணையன் நிலைப்படியில் உட்கார்ந்து பேசினார்.

"நர்சம்மா, நீங்க பெரியவங்க, மோர் குடிங்க. அந்தப் பேச்சு மட்டும் வேணாம். நாளைக்கு மல்லாட்டை புடுங்க ஆளு வருது. மழைக்கு முன்னால பத்து நாளு வெயிலு. அந்தப் பத்து நாளும் எனக்குக் களம் வேணும். அங்க சவுக்குக் கம்ப நட்டு, கலவைய கொட்டிக்கினு இருந்தா நான் எங்க காயப்போடறது, தலையிலயா?"

"அந்தப் பத்து நாள்தான் அவளுக்கும்."

"தெரியுது. அதுக்கு நான் இன்னா பண்ண?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. மல்லாட்டை ஈரத்தோடு இருந்தால் பூசணம் பிடிக்கும். வியாபாரி கையில் எடுத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டுப் போய்விடுவான். ஒரு பக்கம் ஒரு போக வெள்ளாமை. இன்னொரு பக்கம் ஒரு மனிதனின் நுரையீரல். இரண்டுக்கும் வேண்டியது சுவரை ஒட்டிய அதே பதினைந்தடித் தரை, அதே பத்து நாள். நான் மோரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அடுத்த முறை நான் போனபோது அஞ்சம்மாள் வாடகை அறையில் இல்லை. பச்சமுத்து இடக்கையால் கிழக்கே காட்டினார், புது வீட்டில் என்று. பச்சமுத்துவின் இடக்கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விரல் பயிற்சிக்கு நான் ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்திருந்தேன். அதைத் தொடவே மாட்டார். ஒரு நாள் கொடிக்கயிறு ஒன்று கட்டில் மேல் கிடந்தது. நான் துணி அலசிவிட்டு வருவதற்குள் அதில் ஆறு முடிச்சு. ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரே கையால் போட்டிருந்தார். அன்றோடு பந்தை எடுத்துவிட்டேன்.

புது வீட்டில் அஞ்சம்மாள் மாடியில் நின்றிருந்தாள். கருவாட்டையெல்லாம் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"இன்னா, மழை வருதா?" என்று கீழிருந்து கேட்டேன்.

"வரல. நர்சம்மா, கீழ காயப்போடறத மேல காயப்போட்டா இன்னா?"

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும், இது ஏன் என் மண்டையில் வரவில்லை என்று எரிச்சலாக இருந்தது.

"அதப் போய் அவர்கிட்ட சொல்லு" என்றேன்.

"நீங்க வாங்களேன்."

"நான் ஒரு தடவ மோர் குடிச்சிட்டு வந்தாச்சி. இது உன் மாடி."

ஏணி வழியாக இறங்கினாள். புடவையை உதறிச் சரிசெய்துகொண்டாள். வேலி வரை அந்த வேகமான நடை. வேலிக்குப் பக்கத்தில் போனதும் கால் நின்றுவிட்டது. அந்தப் பக்கம் கண்ணையனும் கெங்கம்மாளும் செடியிலிருந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

"ண்ணா, ஒரு வார்த்த."

கண்ணையன் நிமிரவில்லை. "வார்த்தைக்கு இன்னா கொறச்சல்? மேஸ்திரி வாயில வந்துச்சி, நர்சம்மா வாயில வந்துச்சி. ஒன் வாயில இன்னிக்குத்தான் கேக்கறேன்."

"மீன் விக்கற வாயி. வெலை சொல்லாம பேச வராது."

கெங்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பத்து நாளு உங்க களம் எனக்கு. பத்து நாளு எங்க மாடி உங்களுக்கு. உங்க களத்த வுட எங்க மாடியில வெயிலு அதிகம். ஆடு மாடு ஏறாது. கோழி கிளறாது."

இப்போது நிமிர்ந்தார். "கருவாடு காஞ்ச மாடியில என் மல்லாட்டையா? செக்குல ஆட்டினா எண்ணெய் வராது, மீன் கொழம்புதான் வரும்!"

"கழுவித் தர்றேன்."

"கழுவினா போவுமா? ஒன் கூடை ஏறுன பஸ்ஸுல ரெண்டு நாளைக்கு நாத்தம் போறதில்ல."

"அந்த பஸ்ஸுலதான நீங்களும் மல்லாட்டை விக்க கமிட்டிக்குப் போறீங்க? உங்கள யாரும் மோந்து பாத்து எறக்கி வுட்டாங்களா?"

கெங்கம்மாள் இப்போது வாயைப் பொத்தாமலே சிரித்தாள். கண்ணையனுக்குச் சிரிப்பு வரவில்லை. கையிலிருந்த செடியைக் கீழே போட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும். அந்தக் குழி. அது யாரு தப்பு? அத மொதல்ல சொல்லு."

அஞ்சம்மாள் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். நான் நாலடி தள்ளி நின்றேன். உதவிக்குப் போகவில்லை.

"என்னுதுதான்" என்றாள். "எங்க ஊரு மணலு ஊத்தறத குடிச்சிடும். உங்க மண்ணு குடிக்காதுன்னு தெரியல. தெரிஞ்சப்புறம் மூடிட்டேன். மூடினத சொல்லல. வெக்கமா இருந்துச்சி."

"மூடிட்டியா? எப்போ?"

"வைகாசியில. நீங்க கல்யாணத்துக்குப் போனீங்களே, அப்போ."

"நாலு மாசமா நான் அந்தக் குழிய திட்டிக்கினு கீறேன்!"

"இல்லாத குழிய திட்டறதுக்கு இந்த ஊருலயே உன்ன வுட்டா ஆளு யாருயா?" என்றாள் கெங்கம்மாள். பிறகு அஞ்சம்மாளைப் பார்த்து, "நீ கழுவி வை. நான் வந்து மோந்து பாக்கறேன். நான் சொன்னாத்தான் மல்லாட்டை ஏறும்" என்றாள்.

மறுநாள் அஞ்சம்மாள் வியாபாரத்துக்குப் போகவில்லை. புளி கரைத்து ஊற்றித் தேய்த்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்தாள். வார்டில் நாங்கள் செய்வதுபோல் கடைசியில் பிளீச்சிங் பவுடர் போட்டு, நாலு முறை நல்ல தண்ணீர் விட்டு அலசச் சொன்னேன். செய்தாள். கெங்கம்மாள் புடவையைச் சொருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். அறுபது வயதுக்கு நன்றாகவே ஏறினாள். மாடியில் முழங்காலிட்டு, மூக்கு தரையில் படக் குனிந்து, ஒவ்வொரு மூலையாக மோந்தாள். இரண்டு மூலைகள் தேறின. மூன்றாவது மூலையில் நின்றாள்.

"இங்க வஞ்சிரம்."

"வஞ்சிரத்த கருவாடு போட நான் இன்னா கப்பல் வச்சிருக்கறேனா, யக்கா? அது காரப்பொடி, பொடி மீனு."

"எதுவா இருந்தா இன்னா, மீனு மீனுதான்." சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "நீ எத்தினி வாட்டி கழுவினாலும் வெறுந் தரை வெறுந் தரைதான். களம்னா சாணி மெழுகணும்."

தன் வீட்டுச் சாணியைக் கூடையில் கொண்டுவந்து, தண்ணீரில் கரைத்து, இரண்டு பெண்களும் மாடி முழுக்க மெழுகினார்கள். மேஸ்திரி தேவசகாயம் கீழே நின்று தலையில் அடித்துக்கொண்டார். "நான் கண்ணாடி மாதிரி தேச்சி வச்ச கான்கிரீட்டு. மாட்டுத் தொழுவம் ஆக்கிட்டீங்களே!" சாயங்காலம் காய்ந்ததும் கெங்கம்மாள் மீண்டும் மோந்து பார்த்து, "ம்" என்றாள்.

ஏணியில் மூட்டையோடு ஏற முடியாது. கைப்பிடிச் சுவர் மேல் ஒரு கப்பி கட்டி, கயிற்றில் மேலே இழுப்பது என்று அஞ்சம்மாள் சொன்னாள். மூட்டை நழுவாமலிருக்க நாலு கண்ணி வேண்டும். அதைப் பச்சமுத்து போட்டுத் தந்தார். பழைய வலைக்கயிறு, ஒரு நுனி பல்லில், மறு நுனி இடக்கையில். நான்தான் என் பையில் வைத்து எடுத்துப்போனேன். கண்ணையன் ஒரு கண்ணியை வாங்கி இழுத்துப் பார்த்தார். அவிழ்க்கப் பார்த்தார். வரவில்லை.

"யாரு போட்டது இத?"

"எங்க வூட்டுக்காரரு" என்றாள் அஞ்சம்மாள்.

"அவருக்குத்தான் கை வராதுன்னாங்களே."

"ஒரு கை வரும்."

கண்ணையன் முதல் மூட்டையின் கழுத்தில் கண்ணியை மாட்டி, "இழுங்க" என்றார்.

அடுத்த நாள் அவர் களத்தில் சவுக்குக் கம்பு நட்டுச் சாரம் கட்டினார்கள். மேலே மல்லாட்டை காய்ந்தது, கீழே சுவர் பூசினார்கள். சிந்திய கலவையை அஞ்சம்மாள் தினமும் சாயங்காலம் களத்தில் உட்கார்ந்து சுரண்டி எடுத்தாள். கண்ணையன் தினமும் ஏணியேறி மல்லாட்டையைக் கிளறிவிட்டு வந்தார். நாலு நாள் பேச்சு அதிகம் இல்லை. "ஏணிய புடி." "தள்ளி நில்லுங்க, கலவை வுழும்." அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் நான் போயிருந்தேன். காலை பத்து மணி, நல்ல வெயில். மேல் மூலையில் ஒரு பாய் அகலம் மட்டும் பூச மீதி. அஞ்சம்மாள் மாடியில் மல்லாட்டையை ஒதுக்கிக்கொண்டிருந்தவள், கையை நிறுத்திவிட்டுக் கிழக்கே பார்த்தாள். முகத்தைத் திருப்பித் திருப்பிக் காற்றைக் கன்னத்தில் வாங்கினாள்.

"ண்ணா! காத்து மாறிடுச்சி. வாடை எறங்குது. ஜல்தியா மல்லாட்டைய எறக்குங்க."

கண்ணையன் வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம் இல்லை. "இன்னும் அஞ்சி வெயிலு வேணும். செல்போன்ல இன்னும் நாலு நாளு மழை இல்லைன்னுதான் போட்டிருக்குது."

"செல்லு கடலுக்குப் போயிருக்குதா? நான் முப்பது வருஷம் கரையில நின்னு போட்டுக்குக் காத்துக்கினு இருந்தவ. நாளைக்குள்ள கொட்டும்."

"கொட்டலன்னா?"

"கொட்டலன்னா நானே திரும்ப ஏத்திக் காயப்போடறேன். கூலி கேக்கமாட்டேன்."

அவளுடைய மண் கணக்கு ஒரு முறை தப்பியிருந்தது. அது அவர் நினைவுக்கு வந்திருக்கும். பிறகு கெங்கம்மாளைக் கூப்பிட்டார். மதியத்துக்குள் மல்லாட்டை முழுவதும் கீழே இறங்கியது. அவர் வீட்டில் ஏற்கெனவே மாட்டுக்கான மல்லாட்டைக் கொடி அடைத்திருந்தது. அரைக்காய்ச்சலில் மூட்டை கட்டவும் முடியாது, பரப்பித்தான் வைக்க வேண்டும். அஞ்சம்மாள் வடக்கு அறையின் கதவைத் திறந்துவிட்டாள். மேஸ்திரி பூசாத மூலையைத் தார்ப்பாயால் மூடிக் கட்டினார்.

மறுநாள் விடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது.

இரண்டு நாள் பெய்து ஒரு நாள் ஓய்ந்தது. அந்த ஓய்வில் பச்சமுத்துவைக் கீழே இறக்கினோம். நாற்காலியில் உட்கார வைத்து, இடுப்பிலும் மார்பிலும் துணி கட்டினோம். தூக்கியவர்கள் மேஸ்திரியின் ஆட்கள் இரண்டு பேர், மேஸ்திரி, நாலாவது ஆளாகக் கண்ணையன். நான் கூப்பிடவில்லை. மேஸ்திரி சொல்லியிருப்பார். பதினாறு படியும் நான் எண்ணி எண்ணி ஒவ்வொன்றாக இறங்கச் சொன்னேன். கண்ணையன் கால் அவசரப்பட்டது. "மூட்டை இல்ல, மனுஷன்" என்று அதட்டினேன். அதன் பிறகு ஒழுங்காக இறங்கினார்.

கட்டிலை நான் சொன்ன இடத்தில்தான் போட்டார்கள். ஒரு பக்கம் ஆள் நிற்க மூன்றடி இருந்தது. மறுபக்கம், சக்கர நாற்காலிக்கு என்று நான் சண்டை போட்டு வாங்கிய ஐந்தடியில், முழங்கால் உயரத்துக்கு மல்லாட்டை.

"இது எப்போ போகும்?" என்று கேட்டேன்.

"வெயிலு வந்தா" என்றார் கண்ணையன்.

வெயில் ஒன்பது நாள் வரவில்லை. ரயில் தாமதமாக ஓடியதால் என்னாலும் இரண்டு முறை போக முடியவில்லை. போனில் அஞ்சம்மாளிடம் கேட்பேன். இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டுகிறாயா? புரட்டுகிறேன். தனியாகவா? அதற்கு அவள் சரியாகப் பதில் சொல்லவில்லை. ஒரே பக்கம் நின்று இழுக்கிறாள், இடுப்பைக் கெடுத்துக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மழை குறைந்த அன்று போனேன். நேராக வடக்கு அறைக்குள் போய் முதலில் பச்சமுத்துவின் முதுகைப் பார்த்தேன். சிவப்பு இல்லை. இடுப்பெலும்பு, குதிகால், தோள்பட்டை எல்லாம் சுத்தம். பிறகு சுவர். தரையிலிருந்து கை எட்டும் உயரம் வரை தடவினேன். காய்ந்திருந்தது. பூசாமல் விட்ட மேல் மூலையில் மட்டும் உள்ளங்கை அகலம் ஈரம். கட்டிலிலிருந்து ஆறடி தள்ளி. பரவாயில்லை.

மல்லாட்டை நடுவே பீடத்தோடு ஒரு பெரிய மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணையன் வீட்டுடையது. மல்லாட்டைக்காகக் கொண்டுவந்தது. அதன் காற்று கட்டில் மேலும் அடித்தது. கண்ணையன் குவியலுக்குள் உட்கார்ந்து கையால் அடிமேலாக்கிக்கொண்டிருந்தார். பச்சமுத்து இடக்கையில் ஒரு மல்லாட்டையை வைத்து, கட்டை விரலால் அமுக்கி உடைத்து, பருப்பை நெஞ்சின் மேல் போட்டுக்கொண்டிருந்தார். அங்கே ஏழெட்டுப் பருப்பு இருந்தது.

"அவருக்குத் தின்னக் குடுக்காதீங்க, பொரை ஏறும்" என்றேன்.

"தின்றதில்ல நர்சம்மா. எனக்குத்தான் குடுக்கறாரு. காஞ்சிதா இல்லையான்னு கடிச்சிப் பாக்க."

நான் மணியைப் பார்த்தேன். புரட்ட வேண்டிய நேரம். அஞ்சம்மாள் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து தன் பக்கம் நின்றாள். கண்ணையன் எழுந்து, காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, மல்லாட்டைக்குள்ளேயே நின்று மறுபக்கம் விரிப்பின் ஓரத்தைப் பிடித்தார். அஞ்சம்மாள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. பச்சமுத்து சுவர் பக்கம் திரும்பினார். தலையணையை முதுகுக்கு அணைகொடுத்ததும் கண்ணையன்தான். சரியாகக் கொடுத்தார். யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. அஞ்சம்மாள்தான் சொல்லியிருப்பாள், அவளுக்குச் சொன்னது நான்.

ஜன்னல் வழியாக அவர் களம் தெரிந்தது. சவுக்குக் கம்புகள் அப்படியே நின்றன.

"ண்ணா, அந்த மூலை பாக்கி கீது" என்றாள் அஞ்சம்மாள். "கம்ப எடுத்துடாதீங்க."

"கன்னுக்குட்டிய அதுலதான் கட்டியிருக்கறேன். நான் எதுக்கு எடுக்கறேன்?" என்று சொல்லிவிட்டு, அவர் மறுபடி மல்லாட்டைக்குள் உட்கார்ந்தார்.